கல்லூரி வாசலைத் தாண்டி: என்.எஸ்.எஸ்.-இல் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

முதலாண்டு வகுப்பு தொடங்கிக் கொஞ்ச நாளில் ஒரு சுற்றறிக்கை வரும். என்.சி.சி., என்.எஸ்.எஸ்., இளைஞர் செஞ்சிலுவைச் சங்கம், விளையாட்டு என்று நாலைந்து பெயர் இருக்கும். ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பெயர் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் இது பாடத்திட்டத்தின் ஐந்தாம் பகுதி, அதற்கு ஒரு கிரெடிட்டும் உண்டு. அதனால் பலர் பக்கத்து பெஞ்சில் இருப்பவர் எதை எழுதுகிறாரோ அதையே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். நீங்கள் என்.எஸ்.எஸ். என்று எழுதியிருந்தால், அல்லது எழுதலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தால், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

நாட்டு நலப்பணித் திட்டம் என்பது அதன் முழுப்பெயர். காந்தி நூற்றாண்டு ஆண்டான 1969-இல், செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. அப்போதைய மத்தியக் கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ் அதைத் தொடங்கிவைத்தார். மாணவர்கள் விருப்பத்தின்பேரில் தேசப்பணி செய்ய வழி வேண்டும் என்று டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழு அதற்குச் சுமார் இருபது வருஷம் முன்பே சொல்லியிருந்தது. ஊரின் வரிப்பணத்தில் படிக்கிற பிள்ளைகளுக்கு அந்த ஊரைத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் இதன் அடிப்படை. அதை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற விதிகள் எல்லாம் தானே புரியும்.

இத்தனை வருஷம் மாணவர்களோடு தெருத்தெருவாக நடந்த ஆசிரியனாக நான் வற்புறுத்திச் சொல்வது இது: ஒரு தெருவை, ஒரு சின்ன ஊரைத் தேர்ந்தெடுங்கள், இரண்டு வருஷமும் அங்கேயே போங்கள். பத்து ஊரில் பத்து பேரணி நடத்தினால் பதாகை மட்டும்தான் மிஞ்சும். ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறவர்களைத்தான் ஊர் நம்பும்.

முதலில், கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

ஒரு அலகில், அதாவது ஒரு என்.எஸ்.எஸ். குழுவில், பொதுவாக 100 பேர். அலகுக்கு ஒரு திட்ட அலுவலர், அதாவது பி.ஓ., இருப்பார், அவர் உங்கள் கல்லூரி ஆசிரியர்களில் ஒருவர். நீங்கள் இரண்டு வருஷம் உறுப்பினராக இருக்க வேண்டும். வருஷத்துக்கு 120 மணி நேரம், ஆக மொத்தம் 240 மணி நேரம் பணி. அதோடு ஏழு நாள் சிறப்பு முகாம் ஒன்றிலும் கலந்துகொண்டால் சான்றிதழ் கிடைக்கும். இப்போது மத்திய அரசின் இளைஞர் இணையதளமான மை பாரத் தளத்திலும் பெயரைப் பதியச் சொல்கிறார்கள். ஆதாரில் உள்ள பெயர் எழுத்துகளும் கல்லூரிப் பதிவில் உள்ள எழுத்துகளும் ஒத்துப்போகிறதா என்று அப்போதே பார்த்துவிடுங்கள். பின்னால் சான்றிதழ் அச்சாகும்போது அலைய வேண்டியிருக்காது.

120 மணி நேரம் எப்படிப் பிரிகிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. அறிமுகப் பயிற்சிக்கு 20, கல்லூரி வளாகத்துக்குள் செய்யும் வேலைக்கு 30, வெளியே மக்களோடு செய்யும் பணிக்கு 70. பெரும்பகுதி வாசலுக்கு வெளியேதான் என்று திட்டமே சொல்கிறது. ஆண்டு விழாவில் நாற்காலி போடுவது, விருந்தினருக்குத் தண்ணீர் கொடுப்பது, பட்டமளிப்பு விழாவில் வரிசையை ஒழுங்குபடுத்துவது எல்லாம் வளாகக் கணக்கில் வருபவை. அவையும் செய்ய வேண்டிய வேலைகள்தாம். ஆனால் வருஷம் பூராவும் அதிலேயே போய்விட்டால், அந்த 70 மணி நேரம் காகிதத்தில்தான் இருக்கும். உங்கள் அலகில் அப்படி நடப்பதாகத் தெரிந்தால் பி.ஓ.விடம் மரியாதையாகக் கேளுங்கள்: "ஐயா, வெளிப் பணி எப்போது தொடங்கலாம்? நாங்கள் பத்துப் பேர் சனிக்கிழமை வரத் தயார்." ஆள் தயாராக இருக்கிறார்கள் என்று தெரிந்தால் மறுக்கும் பி.ஓ.வை நான் பார்த்ததில்லை. அவருக்கும் வகுப்பு உண்டு, விடைத்தாள் உண்டு, கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வருகைக்கான வேலை உண்டு. கூட நிற்க நாலு பேர் கிடைப்பது அவருக்குப் பெரிய விஷயம்.

பணி டைரியை அன்றன்றைக்கே எழுதுங்கள். தேதி, நேரம், இடம், என்ன செய்தோம், யாரைப் பார்த்தோம். கடைசி வரியாக, அடுத்த முறை என்ன செய்ய வேண்டும் என்று ஒரு குறிப்பு. அந்தக் கடைசி வரிதான் பின்னால் மிகவும் உதவும்.

இடம் தேர்ந்தெடுப்பது

பெரும்பாலான அலகுகளுக்கு ஏற்கெனவே தத்தெடுத்த கிராமம் ஒன்று இருக்கும். இருந்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். புதிதாகத் தேட வேண்டாம். இல்லையென்றால், கல்லூரியிலிருந்து டவுன் பஸ்ஸிலோ சைக்கிளிலோ அரை மணி நேரத்துக்குள் போய்வரக்கூடிய இடமாகப் பாருங்கள். தூரத்து மலைக்கிராமம் என்றால் முகாமுக்கு நன்றாக இருக்கும், ஆனால் வாரா வாரம் போக முடியாது. கல்லூரிக்குப் பின்பக்கச் சுவரை ஒட்டியே ஒரு குடியிருப்பு இருக்கும். பல கல்லூரிகளில் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று மூன்று வருஷம் படித்தும் தெரியாமலே போகிறவர்கள் உண்டு. அங்கிருந்து தொடங்கலாம்.

ஊரைப் பார்க்கப் போகும் முதல் சில வாரங்கள்

இந்த வாரங்களில் எந்த வேலையும் தொடங்க வேண்டாம். துடைப்பம், மரக்கன்று, நோட்டீஸ் எதுவும் கையில் இருக்கக் கூடாது. மூன்று நான்கு பேராகப் போங்கள். நாற்பது பேர் ஒன்றாக வந்து இறங்கினால் யாரும் பேச மாட்டார்கள். என்ன விசேஷம் என்றுதான் எட்டிப் பார்ப்பார்கள்.

யாரைப் பார்ப்பது? ஊராட்சி என்றால் தலைவர், ஊராட்சிச் செயலர்; நகரம் என்றால் வார்டு கவுன்சிலர். இவர்களைப் பார்த்து வணக்கம் சொல்லி, எந்தக் கல்லூரி, எதற்காக வருகிறோம் என்று தெரிவித்துவிடுவது முறை. ஆனால் ஊரைப் பற்றி உள்ளபடி தெரிந்தவர்கள் வேறு சிலர். அங்கன்வாடி அக்காவுக்கு எந்த வீட்டுக் குழந்தை எடை குறைந்திருக்கிறது என்று தெரியும். கிராம சுகாதார செவிலியருக்கு யார் கர்ப்பமாக இருக்கிறார், எந்தப் பாட்டிக்குச் சர்க்கரை மாத்திரை தீர்ந்தது என்பது தெரியும். பள்ளித் தலைமை ஆசிரியர், சத்துணவு அமைப்பாளர், ரேஷன் கடைக்காரர், மகளிர் சுய உதவிக் குழுத் தலைவி, தூய்மைப் பணியாளர், டீக்கடை அண்ணன் ஆகியோரிடம் பத்துப் பத்து நிமிஷம் பேசினால் போதும், நீங்கள் தயாரிக்க நினைத்த கேள்வித்தாளில் பாதி தேவைப்படாது.

பேசும்போது "உங்களுக்கு என்ன பிரச்சினை?" என்று ஆரம்பிக்காதீர்கள். முன்பின் தெரியாதவர் வீட்டு வாசலில் நின்று அப்படிக் கேட்டால் நமக்கே சங்கடமாக இருக்கும். "அம்மா, இங்கே தண்ணீர் எத்தனை மணிக்கு வரும்?", "ஐயா, இந்தக் குளம் முன்பு எப்படி இருக்கும்?", "பிள்ளைகள் சாயங்காலம் எங்கே உட்கார்ந்து படிப்பார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரியவர்கள் உட்காரச் சொல்லிப் பேசுவார்கள். வீட்டில் மோர் கொடுத்தால், டீ கொடுத்தால், வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக் குடியுங்கள். எல்லா வீட்டிலும் குடியுங்கள். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்பதை முகாம் பற்றிச் சொல்லும்போது விளக்குகிறேன்.

நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கல்லூரி நேரம் வேறு, ஊர் நேரம் வேறு. காலை பத்து மணிக்கு நீங்கள் போனால் கூலி வேலைக்குப் போனவர்கள் யாரும் வீட்டில் இருக்க மாட்டார்கள். குழாயில் தண்ணீர் வரும் அரை மணி நேரத்தில் கூட்டம் போட்டால் ஒரு பெண்கூட வர முடியாது. தொண்ணூறுகளில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்த அறிவொளி இயக்கத்தின் வகுப்புகள் வேலை முடிந்த பிறகு, திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் தெருவிளக்கு வெளிச்சத்திலும் நடந்தன. படிக்க வருகிறவர்களின் நேரத்துக்கும் இடத்துக்கும் சொல்லித் தருகிறவர்கள் போனார்கள். இன்றைக்கும் அதைவிட நல்ல முறை கிடையாது.

இதோடு ஊருக்கு ஒரு வரைபடம் கையால் போடுங்கள். தெரு, குழாய், ஆழ்துளைக் கிணறு, பள்ளி, கோயில், மசூதி, தேவாலயம், குப்பை கொட்டும் இடம், சாக்கடை உடையும் இடம், இரவில் விளக்கெரியாத மூலை. ஊர்ப் பிள்ளைகளையே கூப்பிட்டு உட்கார வைத்துப் போடச் சொன்னால் இன்னும் நன்றாக வரும்.

ஒரு வேலையைப் பிடிப்பது

ஊரே ஏதாவது ஒன்றைச் சொல்லியிருக்கும். இல்லையென்றால் கீழே சொல்பவற்றில் உங்களால் இரண்டு வருஷம் விடாமல் செய்யக்கூடிய ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

மாலை நேரப் படிப்பகம். இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. சமுதாயக் கூடமோ பள்ளி வராந்தாவோ போதும். வாரத்தில் மூன்று நாள், சாயங்காலம் ஒன்றரை மணி நேரம். ஐந்தாறு பிள்ளைகளுக்கு ஒரு அண்ணனோ அக்காவோ. முக்கியமான விஷயம், அதே பிள்ளைகளுக்கு அதே முகம் வர வேண்டும். வாரம் ஒரு ஆள் மாறினால் ஒவ்வொரு முறையும் "உன் பேர் என்ன, எந்த வகுப்பு?" என்பதிலேயே நேரம் போய்விடும். உங்களுக்கு இன்டர்னல் தேர்வு வரும் வாரங்களை முன்கூட்டியே அட்டவணையில் குறித்து, அந்த நாட்களுக்கு வேறு துறை மாணவர்களை ஏற்பாடு செய்யுங்கள். வகுப்பு நடக்காத நாளைப் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். பூட்டிய கதவின் முன்னால் பையோடு அவர்களைக் காக்க வைக்கக் கூடாது. எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். ஒரு பிள்ளையோடு தனியாக ஓர் அறையில் யாரும் இருக்கக் கூடாது. பெற்றோருக்கு நேரமும் இடமும் தெரிந்திருக்க வேண்டும். ஏதாவது குழந்தை அடிவாங்குகிறது, வேலைக்கு அனுப்பப்படுகிறது, திருமணப் பேச்சு நடக்கிறது என்று தெரிந்தால் நீங்களாகப் போய்ச் சண்டை போடாதீர்கள். பி.ஓ.விடம் சொல்லுங்கள், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குத் தெரிவியுங்கள்.

டெங்கு தடுப்பு. வருஷத்தில் ஒரு நாள் பேரணி போய் டெங்குவைத் தடுக்க முடியாது. ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை பறக்கும் கொசுவாக மாற ஏறக்குறைய ஒரு வாரத்திலிருந்து பத்து நாள் பிடிக்கும். ஆகவே அதே வீடுகளுக்கு வாரம் ஒரு முறை போனால்தான் பயன். முட்டைகள் பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் காய்ந்த பிறகும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் தொட்டியைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, பழைய டயர், கொட்டாங்கச்சி, முற்றத்தில் கிடக்கும் ஆட்டுக்கல், மொட்டை மாடியில் மூடியில்லாத தொட்டி ஆகியவற்றைப் பாருங்கள். சுகாதார ஆய்வாளரிடம் முதலில் பேசி, எந்தத் தெருவில் காய்ச்சல் வந்தது என்று கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, செப்டம்பரில் தொடங்கிவிட்டால் நல்லது.

குடிநீர்ப் பரிசோதனை. உங்கள் கல்லூரியில் வேதியியல் துறை இருந்தால் இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை. ஊரிலுள்ள கிணறு, ஆழ்துளைக் குழாய், தொட்டி ஒவ்வொன்றிலும் தண்ணீர் எடுத்து, கரைந்துள்ள உப்பு, கடினத்தன்மை, ஃபுளோரைடு ஆகியவற்றைப் பாருங்கள். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1.5 வரை ஏற்கலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்துக் கல்லூரிகளுக்கு இதன் அவசியத்தை நான் சொல்லத் தேவையில்லை. அங்கே பிள்ளைகளின் பற்களில் மஞ்சள் கறையாகவே அது தெரியும். முடிவைத் துறையின் ஆய்வேட்டில் மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். எந்தக் குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம், எதைப் புழங்க மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று தமிழில் பெரிய எழுத்தில் எழுதி, ஊராட்சி அலுவலகத்தில் ஒரு பிரதி கொடுத்து, கிராம சபையிலும் படியுங்கள். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடுகிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், இதற்கென்றே அமைந்த நாள்.

வாக்காளர் பதிவு. 18 வயது நிறைந்தவர்கள் படிவம் 6 நிரப்பிக் கொடுக்க வேண்டும். தகுதி நாள் வருஷத்துக்கு நான்கு: ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1. 17 நிறைந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். ஊரின் வாக்குச்சாவடி நிலை அலுவலர் யார் என்று கண்டுபிடித்து அவரோடு சேர்ந்து வீடு வீடாகப் போனால் வேலை சுலபம். எந்தக் கட்சிக்காரரோடும் சேர்ந்து போகாதீர்கள்.

ரத்ததானம் பற்றி எல்லோருக்கும் தெரியும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன்: 18 வயது, 45 கிலோ எடை, ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12.5 கிராம் இருக்க வேண்டும். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு முறை கொடுக்கலாம். முகாம் நடத்துவதோடு, கொடுத்தவர்களின் பட்டியலை ரத்த வகைப்படி தேதியோடு வைத்திருந்து, அரசு மருத்துவமனை ரத்த வங்கி கேட்கும்போது ஆள் அனுப்பும் ஏற்பாட்டைச் செய்யுங்கள். அவசரம் கோடை விடுமுறையிலும் வரும், அப்போது விடுதி காலியாக இருக்கும். உள்ளூர் மாணவர்களின் எண்கள் தனியாக இருக்கட்டும்.

மரம் நடுவதற்கு ஒரே ஒரு கேள்வி: யார் தண்ணீர் ஊற்றுவது? அந்தப் பெயர் தெரிந்த பிறகு குழி தோண்டுங்கள். ஏப்ரலில் நடாதீர்கள். பனை விதை என்றால் ஆவணி, புரட்டாசியில் ஏரிக்கரையிலும் குளக்கரையிலும் ஊன்றிவிட்டால் மழை பார்த்துக்கொள்ளும். கண்மாய், ஊரணி தூர்வாருவதற்கு முன் அது ஊராட்சியுடையதா, நீர்வளத் துறையுடையதா என்று கேட்டு அனுமதி வாங்க வேண்டும். சீமைக்கருவேலத்தை அரிவாளால் வெட்டி மட்டும் பயனில்லை, அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்துவிடும். வேரோடு எடுக்க இயந்திரம் வேண்டும். அதற்கு யார் செலவு செய்வது என்று பேசிவிட்டுத் தொடங்குங்கள்.

ஊரையும் உள்ளே அழையுங்கள்

இந்தப் பகுதிதான் பெரும்பாலும் விட்டுப்போகிறது. நாம் மட்டும் போய்க்கொண்டே இருந்தால் அது ஒருவழிப் பாதை.

ஒவ்வொரு கல்லூரியிலும் என்.எஸ்.எஸ். ஆலோசனைக் குழு இருக்க வேண்டும் என்பது திட்டத்தின் விதி. முதல்வர் தலைவர், பி.ஓ. உறுப்பினர் செயலர், மாணவப் பிரதிநிதிகள் சிலர், வளர்ச்சித் துறை அலுவலர் ஒருவர். இவர்களோடு தத்தெடுத்த ஊரிலிருந்து ஒருவருக்கும் அதில் இடம் உண்டு. அந்த இடத்தில் யார் இருக்கிறார் என்று பி.ஓ.விடம் கேளுங்கள். காலியாக இருந்தால் சுய உதவிக் குழுவிலிருந்து ஒரு அக்காவையோ பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர் ஒருவரையோ சொல்லிப் பாருங்கள். அவர் வருகிற நாளில் கூட்டம் முழுக்கத் தமிழில் நடக்கட்டும். வருஷத் திட்டம் போடும்போது அவர் அங்கே இருந்தால், அறுவடை மாதத்தில் முகாம் வைக்கும் தவறு நடக்காது. திருவிழா எப்போது, பள்ளித் தேர்வு எப்போது என்று அவருக்கு நாள்காட்டி பார்க்காமலே தெரியும்.

அப்புறம், ஊர்க்காரர்களை வகுப்புக்குக் கூப்பிடுங்கள். கொத்தனார் ஒருவர் கட்டடக் கலவையைப் பற்றி சிவில் மாணவர்களிடம் பேசலாம். நெசவாளர் கணக்குத் துறையில் வந்து கூலி, நூல் விலை, விற்பனை விலை என்று கரும்பலகையில் போட்டுக் காட்டலாம். பேசவைத்தால் விருந்தினருக்குத் தருகிற அதே மரியாதை, அதே மேடை, அதே பயணப்படி கொடுக்க வேண்டும். சனிக்கிழமை மட்டுமாவது ஊர்ப் பிள்ளைகளுக்குக் கல்லூரி ஆய்வகத்தைத் திறந்து காட்டலாமா, போட்டித் தேர்வுக்குப் படிக்கிற இளைஞர்கள் நூலகத்தில் உட்காரலாமா, காலையில் மைதானத்தில் பெண்கள் நடக்கலாமா என்று முதல்வரிடம் எழுத்தில் கேளுங்கள். பாதுகாப்பு பற்றிக் கேட்பார்கள், நியாயம்தான். பெயர்ப் பதிவேடு, நேரம், பொறுப்பான ஆள் என்று மூன்றையும் கடிதத்திலேயே எழுதிவிட்டால் அனுமதி கிடைக்க வாய்ப்பு அதிகம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவ மாணவர்கள் படிப்பின் பகுதியாகவே கிராமத்தில் தங்கிக் குடும்பங்களைச் சந்திக்கிறார்கள். அதன் நிறுவனர் ஐடா ஸ்கடர் தெருவோர மருத்துவம் பார்த்த காலத்திலிருந்து வருகிற வழக்கம் அது. காந்திகிராமத்தில் பல்கலைக்கழகம் வருவதற்கு முன்பே, 1947-இலேயே, ஊர்ப்பணி தொடங்கிவிட்டது. நம் பக்கத்தில் இதற்கு நல்ல முன்மாதிரிகள் இருக்கின்றன.

ஏழு நாள் முகாம்

அலகில் பாதி, அதாவது 50 பேர் முகாமுக்குப் போவார்கள். சொல்லப் போனால் இதுதான் என்.எஸ்.எஸ்.ஸின் உயிர். அரசு தரும் தொகை பெரிதாக இருக்காது, அதனால் அரிசி, காய்கறி, பாத்திரம், ஷாமியானா என்று முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும்.

போகும் முன் இவற்றை நேரில் போய்ப் பாருங்கள். தங்கும் இடத்தில் பெண்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை இருக்கிறதா, தண்ணீர் இரவிலும் வருமா, விளக்கு எரிகிறதா. நாப்கின் அப்புறப்படுத்த வழி இருக்கிறதா என்று பெண் ஆசிரியர் ஒருவர் பார்க்க வேண்டும். பெற்றோர் சம்மதக் கடிதம் எல்லோரிடமும் வாங்கியாக வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் காவல் நிலையத்துக்கும் கடிதம் கொடுக்க வேண்டும். ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை உள்ளவர்கள் தங்கள் மருந்தோடு வர வேண்டும், பி.ஓ.விடமும் சொல்லி வைக்க வேண்டும். நீச்சல் தெரிந்தாலும் கிணற்றில், குளத்தில், ஆற்றில் இறங்கக் கூடாது. இந்த ஒன்றில் எந்த விட்டுக்கொடுத்தலும் வேண்டாம்.

காலையில் உடல் உழைப்பு, வெயில் ஏறியதும் நிறுத்தம், மதியம் கருத்துரை, சாயங்காலம் வீடு வீடாகப் போவது, இரவு கலை நிகழ்ச்சி என்பது வழக்கமான அட்டவணை. மதியக் கருத்துரைகளைக் குறைத்து, ஊர்ப் பெரியவர்கள் பேசும் நேரத்தைக் கூட்டுங்கள் என்பது என் எண்ணம். கல்லூரியிலேயே கேட்கக்கூடிய உரையைக் கேட்கக் கிராமத்துக்குப் போக வேண்டியதில்லை.

இப்போது சாதி. நம் ஊர்களில் ஊர் என்றும் காலனி என்றும் இரண்டாக இருக்கும். முகாம் ஊருக்குள் தங்கினால், வேலையும் ஊருக்குள்ளேயே முடிந்துவிடும் ஆபத்து உண்டு. ஊர்வலம் காலனி வரை போகாமல் முனையிலேயே திரும்பும். இதை யாரும் உத்தரவு போட்டுச் செய்வதில்லை, தானாக நடந்துவிடும். அதனால் திட்டம் போடும்போதே சரிபார்க்க வேண்டும். தங்கும் இடமும் நிறைவு விழா நடக்கும் இடமும் ஊரில் எல்லோரும் தயங்காமல் வரக்கூடியதாக இருக்க வேண்டும்; அரசுப் பள்ளி மைதானம் பெரும்பாலும் நல்ல தேர்வு. சிலரை உள்ளே விடாத மண்டபம் எவ்வளவு வசதியாக இருந்தாலும் வேண்டாம். கணக்கெடுப்பில் சாதிப் பெயர் கேட்கும் கேள்வியை எடுத்துவிடுங்கள். உழைப்பு வேலை காலனியில் முதல் நாளே தொடங்கட்டும். சமையலும் சாப்பாடும் ஒரே பந்தியாக இருக்கட்டும், ஊர்ப் பிள்ளைகள் வந்தாலும் அதே பந்திதான். முதலில் எல்லா வீட்டு மோரையும் குடியுங்கள் என்று சொன்னது இதற்காகத்தான். நீங்கள் எங்கே குடித்தீர்கள், எங்கே வேண்டாம் என்றீர்கள் என்று ஊர் கவனித்துக்கொண்டிருக்கும்.

புகைப்படம் எடுக்கும் முன் கேளுங்கள். நோட்டுப் புத்தகம், மாத்திரை, சாப்பாடு வாங்கும் கையைப் படம் எடுக்காதீர்கள். அறிக்கைக்குப் படம் தேவை என்றால், எல்லோரும் சேர்ந்து வேலை செய்வதை எடுங்கள்.

வெள்ளம், புயல் வந்தால்

ஆர்வத்தில் நேராக ஓடாதீர்கள். வட்டாட்சியர் அலுவலகத்திலோ நிவாரண முகாமிலோ பெயர் கொடுத்து, அவர்கள் சொல்லும் இடத்துக்குப் போங்கள். மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077, மாநில எண் 1070. நீங்கள் ஏற்கெனவே பழகிய ஊர் என்றால், எந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கிறார், யார் வீடு தாழ்வான இடத்தில் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். அந்தத் தகவலை அலுவலர்களிடம் சொல்வதே அன்றைக்குப் பெரிய உதவி.

ஒப்படைப்பு

இரண்டாம் வருஷத்தின் கடைசிப் பருவத்தில், உங்கள் இடத்துக்கு வரப்போகும் ஜூனியர்களை ஊருக்கு அழைத்துப் போங்கள். ஒவ்வொரு வீட்டிலும் "பாட்டி, இனி இந்தத் தம்பி வருவான்" என்று சொல்லி அறிமுகம் செய்துவைக்க வேண்டும். அதோடு ஒரு நோட்டு: ஊர் வரைபடம், யாரிடம் எதற்குப் பேச வேண்டும், எந்த வேலை பாதியில் நிற்கிறது, என்ன வாக்குக் கொடுத்திருக்கிறோம், எதைச் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டோம். தொலைபேசி எண்களை அவரவர் அனுமதியோடு மட்டும் எழுதுங்கள். படிப்பகத்தில் பத்தாம் வகுப்பு எழுதும் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் பட்டியலைத் தனியாகக் கொடுங்கள், தேர்வு முடிவு வந்த பிறகு உயர்கல்விச் சேர்க்கைக்கு யாராவது கூடப் போக வேண்டியிருக்கும்.

உங்கள் கல்லூரியில் என்.எஸ்.எஸ். இடம் கிடைக்கவில்லையா? 100 பேர் என்ற வரம்பு இருப்பதால் அப்படியும் நடக்கும். இளைஞர் செஞ்சிலுவைச் சங்கம், எய்ட்ஸ் விழிப்புணர்வுக்கான செஞ்சுருள் சங்கம், ரோட்டரி சங்கத்தின் இளைஞர் அமைப்பான ரோட்டராக்ட் ஆகியவை பல கல்லூரிகளில் இருக்கின்றன. அவையும் இல்லையென்றால் ஊர்ப் பொது நூலகத்துக்குப் போய் வாசகர் வட்டத்தில் சேருங்கள். கல்லூரி மாணவர், ஓய்வு பெற்ற ஆசிரியர், கடைக்காரர், இல்லத்தரசி எல்லோரும் உட்காரும் இடம் அது. மேலே சொன்ன படிப்பகத்தையும் தண்ணீர்ப் பரிசோதனையையும் அங்கிருந்தும் தொடங்கலாம். கடிதத் தலைப்பு மட்டும்தான் வேறாக இருக்கும்.